மீன் நிற்காத கிணறு

மலேரியா ஒழிப்புப் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு யானைக்கதை கேட்பார்கள். வன்னிக் காட்டில் சைக்கிளில் திரிந்தவனை யானை துரத்தாமல் இருக்குமா? என்னை ஒரு யானையும் துரத்தவில்லை. யானைகளுக்கு என்னைவிட முக்கியமான வேலைகள் இருந்தன. என் உத்தியோகத்துக்கு உலைவைக்கப் பார்த்தது ஓர் ஆமை. இதைச் சொன்னதும் கதிரையைத் திரும்பவும் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்.

போன மாதம் சுகாதாரப் பகுதியிலிருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பொலித்தீன் பை, பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் துள்ளும் சின்னஞ்சிறு மீன்கள். கிணற்றில் விடப்போகிறார்களாம், நுளம்புக் குடம்பிகளை, அதாவது கொசுப்புழுக்களை, தின்னுமாம். மிகப் புதிய ஏற்பாடு என்று எனக்கு விளக்கமும் தந்தார்கள். நான் முழுவதையும் கேட்டுவிட்டு, "கிணத்துக்கை ஆமை கிடக்கோ எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், ஐயாவுக்கு வயது போய்விட்டது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. அந்தப் பார்வைக்கு மறுமொழியாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். பயிற்சியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டப் பழக்கினார்கள். காய்ச்சல்காரரின் விரலில் குத்திக் கண்ணாடியில் இரத்தம் எடுக்கப் பழக்கினார்கள். நாய் கடிக்க வந்தால் சைக்கிளைக் குறுக்கே பிடிக்க நானாகவே பழகிக்கொண்டேன். பிறகு கனகராயன்குளத்துப் பக்கம் ஒரு குளத்தின் கீழ் இருந்த குடியேற்றத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் அநேகம் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்கள். வீட்டுக்கு வீடு மருந்தடித்ததில் காய்ச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டிருந்தது. மிச்சம் இருப்பதையும் அடியோடு ஒழிக்கவேண்டும் என்று கிணறுகளில் மீன்விடும் வேலை தொடங்கியது.

என் மேலதிகாரி நல்லதம்பி இன்ஸ்பெக்டர். வெள்ளைக் காற்சட்டை, காலுறைக்குள் செருகிய காற்சட்டை நுனி, கையில் குடை. வன்னியில் ஒரு கிணற்றையும் நம்பாதவர். குடிதண்ணீரை வவுனியாவிலிருந்தே போத்தலில் கொண்டுவருவார். குரலை உயர்த்தி அவர் பேசி ஒருவரும் கேட்டதில்லை. கேள்வியை அவரே கேட்பார், மறுமொழியையும் அவரே சொல்வார். "தர்மலிங்கம், நேற்று மழை பெய்ததா? பெய்தது. பள்ளங்களைப் பார்த்தீரா? பார்க்கவில்லை." எதிரில் நிற்பவனுக்குத் தலையை ஆட்டும் வேலை மட்டும்தான். அவர் சொல்லும் மறுமொழி அநேகமாகச் சரியாகவே இருக்கும். அதுதான் பெரிய கரைச்சல்.

கிணறு பார்ப்பதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கக்கூடாது; நிழல் விழுந்தால் குடம்பிகள் அடிக்குப் போய்விடும். வெள்ளை இனாமல் வாளியைச் சுவரோடு சுவராக இறக்கி, தண்ணீரில் படாரென்று விழவிடாமல், விளிம்பைச் சரித்து மேல்தண்ணீரை மட்டும் அள்ளவேண்டும். அள்ளியதை வெயிலில் வைத்து, மூச்சுக்கூட வாளிக்குள் படாமல் குனிந்து பார்க்கவேண்டும். மலேரியா நுளம்பின் குடம்பி தண்ணீர் மட்டத்தோடு கிடையாகப் படுத்திருக்கும். மற்ற நுளம்பினுடையது தலைகீழாகத் தொங்கும். இன்ஸ்பெக்டர் இரண்டுக்கும் ஒரேயளவு மரியாதை கொடுப்பார். "இவர் தொங்குகிறார், இவரை விடும். அந்தா, அவர் படுத்திருக்கிறார். அவர்தான் எங்களுக்கு வேணும்."

மீன் கொண்டுபோவது இதைவிடப் பெரிய பாடு. கழுவிய மண்ணெண்ணெய்த் தகரத்தில் முக்கால்வாசி தண்ணீர், தண்ணீர் தளும்பாமலிருக்க மேலே ஒரு வேப்பங்கொப்பு, தகரத்தைச் சைக்கிள் கரியரில் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். வழியில் நின்று நின்று கோப்பையால் தண்ணீரை அள்ளி ஊற்றி மீனுக்குக் காற்றுக் கொடுக்கவேண்டும். கிணற்றடிக்குப் போனதும் உடனே கவிழ்க்கக்கூடாது. கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்துக்குள் விட்டு, மீனுக்கு அந்தத் தண்ணீரைப் பழக்கி, பிறகுதான் இறக்கவேண்டும். குடியேற்றத்துப் பெண்கள் இதைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறமாதிரியெல்லோ செய்யுறார்" என்று சிரிப்பார்கள்.

இந்த ஒழுங்கெல்லாம் போய் முட்டியது ஆமைகளிடம். அங்கே புதிதாகக் கிணறு வெட்டினால் குளத்தில் பிடித்த ஒரு பாலாமையை உள்ளே விடுவது வழக்கம். தவளை, பூச்சி, விழுந்து செத்தது எல்லாவற்றையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது நம்பிக்கை. அது பொய்யுமல்ல. ஆனால் எல்லாவற்றையும் தின்பது மீனையும் தின்னும். எனவே மீன் விடுவதற்கு முன் ஆமையைப் பிடித்துக் குளத்தில் விடவேண்டும் என்று கட்டளை வந்தது. சனங்கள் பிடித்தார்கள். குளத்துக்கும் கொண்டுபோனார்கள் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கிழமை குடியேற்றம் முழுவதும் மிளகும் மல்லியும் வறுத்த வாசம். சுத்த சைவமான இன்ஸ்பெக்டர் மூக்கை உயர்த்தி, "நல்ல வாசம். என்ன மரக்கறி?" என்று மட்டும் கேட்டார். மறுமொழியை அவரே சொல்லாத ஒரே கேள்வி அது.

ஆமையைத் தரமாட்டேன் என்று நின்றது தங்கம்மாக்கா ஒருவர்தான். புருஷன் இல்லாமல் மூன்று ஏக்கர் வயலையும் மிளகாய்த் தோட்டத்தையும் தனியாகப் பார்த்த மனிசி. அவவின் மூத்த பிள்ளை குடியேறிய புதிதில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு கிணற்றில் ஆமையை விட்டார்களாம். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லையாம். "உங்கடை மீன் வாறதுக்கு முதல் என்ரை பிள்ளையளை ஆர் பாத்தது?" என்று இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே கேட்டா. காய்ச்சலை விரட்டியது சுவரில் அடித்த மருந்து என்று எனக்குத் தெரியும். ஆனால் அவவின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் சைக்கிளை எடுத்தேன். இன்ஸ்பெக்டரும் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த வருடம் கடும் கோடை. ஆவணியில் தங்கம்மாக்காவின் கிணறு அடியோடு வற்றிச் சேறு வெடித்தது. எட்டிப்பார்த்தால் ஆமையைக் காணவில்லை. சரியாக அதே கிழமை, வேலிக்கு அப்பால் இருந்த அவவின் தமையன் கந்தையா அண்ணை வீட்டில் கறி மணத்தது. அவ்வளவுதான். "என்ரை ஆமையைத் திண்டவனோடை எனக்கென்ன கதை?" என்று தமையனோடு பேச்சை நிறுத்திவிட்டா. கந்தையா அண்ணை சத்தியம் பண்ணினார். ஆனால் அவர் சத்தியம் பண்ணும்போது கண் ஒருபக்கம் போகும். யார் நம்புவார்கள்? இன்ஸ்பெக்டருக்கோ பெரிய ஆறுதல். ஆமை இல்லாத கிணறு. மாரி பெய்ததும் மீன் விடலாம்.

மாரி பெய்தது, கிணறு நிரம்பியது, தையில் மீன் விட்டேன். அடுத்தமுறை பார்க்கப் போனால் ஒன்றுகூட இல்லை. திரும்ப விட்டேன். திரும்பவும் இல்லை. பக்கத்துக் கிணறுகளில் மீன்கள் குட்டிபோட்டுப் பெருகித் திரிந்தன. இந்தக் கிணறு மட்டும் துடைத்துவைத்த சட்டிபோல் கிடந்தது. மீன்கொத்தியோ, தண்ணீர்ப் பாம்போ என்று நானும் யோசிக்காத உயிரில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு முன் அந்த வட்டாரத்தில் இருந்தவர் தகரத்து மீன்களை வாய்க்காலில் ஊற்றிவிட்டு வீட்டில் படுத்திருந்ததற்காக வேலையால் நிறுத்தப்பட்டவர். என் வேலையோ தற்காலிகம். சித்திரைக்குப் பிறகு நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது இன்ஸ்பெக்டரின் சிபாரிசில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓமந்தையில் அப்பா படுக்கையில், இரண்டு தங்கைமார் பள்ளிக்கூடத்தில். வீட்டில் உலை கொதிப்பது என் சம்பளத்தில்.

"தர்மலிங்கம், மீன் விட்டீரா? விட்டேன் என்கிறீர். விட்ட மீன் எங்கே போகும்? கிணற்றிலிருந்து மீன் ஏறி நடக்குமா? நடக்காது." அவ்வளவும் வழக்கமான மெல்லிய குரலில். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை அந்தக் கிணற்றுக் கட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஒருநாள் பார்சலை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தபோது, நடுத்தண்ணீரில் சுண்டுவிரல் நுனியளவு ஒன்று மேலே வந்தது. அதில் இரண்டு துவாரங்கள். ஒரு மூச்சு விட்டது. நான் எட்டிப்பார்க்கச் சோற்றுப் பருக்கை விழுந்ததும் ஆளைக் காணவில்லை.

பாலாமையைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததில் பாதிகூட அன்றைக்குத் தெரியாது. பிறகு பல குளங்களில் பார்த்து அறிந்ததைச் சொல்கிறேன். எங்கள் குளங்களில் இரண்டு வகை ஆமை உண்டு. கறுத்து, கல்லுப்போன்ற ஓட்டோடு, மரக்கட்டையில் ஏறி வெயில் காய்வது ஒன்று. அதை ஊரே பார்க்கும். பாலாமை அப்படியல்ல, அது கூச்சக்காரன். ஓட்டின்மேல் ஈரத்தோல் போர்த்தியிருக்கும். விளிம்பு அமத்தினால் அமுங்கும். வயிற்றுப் பக்கத்தில் பின்கால்களை இழுத்து மூடிக்கொள்ள இரண்டு மடல்கள் உண்டு. சேற்றுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு, மேலே போகும் மீனைப் பார்த்தபடி கிடக்கும். மூச்சு முட்டினால் குழல்போன்ற மூக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டும். பல் கிடையாது, ஆனால் தாடை பாக்குவெட்டிபோல. கழுத்தோ, அந்த உடம்புக்குள் இவ்வளவு கழுத்து எங்கே இருந்தது என்று கேட்கவைக்கும் நீளம். எல்லாவற்றிலும் பெரிய விசேஷம், குளம் வற்றினால் அது ஓடுவதில்லை. சேற்றின் அடியில் இறங்கி, மேலே சேறு காய்ந்து வெடித்தாலும், தீனும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். மழை வந்து நனைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் எழும்பிவிடும்.

நான் மூக்கைப் பார்த்த செய்தியை ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீர் பார்த்தது என்ன? மூக்கு. மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு நான் மேலே என்ன சொல்லலாம்? ஒன்றும் சொல்லேலாது. முழு ஆமையைக் காட்டும்."

முழு ஆமையைக் காட்டுவதென்றால் கிணற்றை இறைக்கவேண்டும். இறைக்கும் மெசின் அந்தச் சுற்றுவட்டத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் கந்தையா அண்ணை. மூக்கின் கதையைக் கேட்டுப் பாதி நம்பிய தங்கம்மாக்காவோடு நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம், இரண்டு முழத்துக்கு அப்பால், தமையன் நின்றார்.

"தம்பி, வேலிக்கு அங்காலை நிக்கிறவரிட்டைக் கேள், மெசின் தருவாரோ எண்டு" என்றா தங்கம்மாக்கா.

"அண்ணை, மெசின் தருவியளோ?"

"எனக்குக் காது கேக்கும் தம்பி. தரலாம். ஆனால் ஆமை உள்ளுக்கை கிடந்தால், என்னைக் கள்ளன் எண்டவ என்ன சொல்லுவா எண்டு கேள்."

"திண்ட ஆமை எப்பிடியப்பா திரும்பிக் கிணத்துக்கை வரும் எண்டு கேள்!"

கடைசியில், இறங்கித் தேடுவதும் தானே என்று கந்தையா அண்ணை சொன்னார். தன் பெயரைத் தானே சேற்றிலிருந்து எடுப்பாராம்.

இன்ஸ்பெக்டர் குடையோடு வந்தார். என்னையும் மீன் தகரத்தோடு வரச்சொல்லியிருந்தார். ஆமை இல்லாவிட்டால் தன் கண் முன்னாலேயே மீனை விடவேண்டும், பிறகு மீன் காணாமல் போனால் என் கதை முடிந்தது. மெசின் காலையிலிருந்து கத்தியது. கிணற்றடித் தொட்டி நிரம்பி, மிளகாய்ப் பாத்திகள் நிரம்பி, தண்ணீர் தெரு ஒழுங்கைக்குப் போனது. அடிச்சேறு தெரிந்ததும் கந்தையா அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கினார். முழங்கால் புதையச் சேற்றைக் காலால் துழாவினார். ஒரு பக்கம் இல்லை. மற்றப் பக்கமும் இல்லை. இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தகரத்து மீன்களைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரப்பார்த்தது.

"தங்கம்!" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இஞ்சை ஒரு கல்லு அசையுது!"

வாளி மேலே வந்தது. வாளி கொள்ளாமல் சேற்றோடு சேறாக முழு ஆமை. சுளகளவு என்று தங்கம்மாக்கா அதுவரை சொல்லிவந்தா; சோற்றுத் தட்டளவுதான். அதுவும் பாலாமையில் பெரிசுதான். தலையும் கால்களும் உள்ளே. தங்கம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. கண்ணால் பொலபொலவென்று ஓடியது.

இன்ஸ்பெக்டர் குடையை மடித்துவிட்டுக் குனிந்தார். "இவரா என் மீன்களைச் சாப்பிட்டவர்? நம்பமுடியுமா? நம்பமுடியாது. இவ்வளவு சாதுவானவர்" என்று சொல்லி, ஆட்காட்டி விரலை நீட்டினார். கழுத்து வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. திரும்பிய கழுத்து விரலோடு போனதைத்தான் பார்த்தோம்.

நல்லதம்பி இன்ஸ்பெக்டரின் உரத்த குரலை வன்னி அன்றைக்குத்தான் கேட்டது. கனகராயன்குளம் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"இழுக்காதேங்கோ ஐயா! இழுத்தால் சதையோடை போயிடும்" என்றா தங்கம்மாக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து அவசரப்படாமல் குந்தினா. "அதை விடுவிக்க எனக்குத் தெரியும். முதல் ஒண்டு கேக்கிறன். இந்தப் பொடியன் மீன் விட்டவனோ, இல்லையோ?"

"விட்டவர்! விட்டவர்!"

"ஒவ்வொருமுறையுமோ?"

"ஒவ்வொருமுறையும்! எடும் பிள்ளை!"

"இவனை வேலையாலை நிப்பாட்டமாட்டியளே?"

"நிப்பாட்டமாட்டன்! நிரந்தரம்! நானே சிபாரிசு பண்ணுறன்!"

"என்ரை ஆமை என்ரை கிணத்திலை நிக்கலாமோ?"

இந்த இடத்தில் அந்த மனிதரை நான் மதித்தேன். விரல் போய்க்கொண்டிருக்கும்போதும் அவர் ஒருகணம் யோசித்தார். "அது... கட்டளைப்படி பார்த்தால்..." ஆமை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. "நிக்கட்டும்! நிக்கட்டும்!"

தங்கம்மாக்கா வாளியையும் அவருடைய கையையும் சேர்த்துத் தூக்கி, தொட்டித் தண்ணீருக்குள் மெல்ல அமத்திப் பிடித்தா. "இப்ப அசையாமல் இருங்கோ. தண்ணி கண்டதும் விட்டிடும்." சொன்னபடி ஆமை வாயைத் திறந்தது, வாளியிலிருந்து நழுவித் தொட்டிக்கு அடியில் போய்க் கிடந்தது. விரல் கறுத்திருந்தது, ஆனால் விரலாகவே இருந்தது. அவவே சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்டா.

"என்னைத் தூக்குவியளோ, மாட்டியளோ?" என்று கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தபிறகுதான் கந்தையா அண்ணையின் நினைவு வந்தது. மேலே இழுத்தோம். இடுப்புக்குக் கீழே ஒரே சேறு.

"பாத்தியோடி உன்ரை ஆமையை? நான் அண்டைக்குக் காய்ச்சினது குளத்து ஆமை! அதைச் சொன்னால் மட்டும் விட்டிருப்பியோ?"

"அப்ப ஆமை திண்டது உண்மைதானே!" என்றா தங்கம்மாக்கா. ஆனால் அதைத் தமையனின் முகத்தைப் பார்த்தே சொன்னா. பிறகு ஒரு வாளி தண்ணீர் அள்ளி அவருடைய காலில் ஊற்றினா. கந்தையா அண்ணை கால் கழுவினார்.

இன்ஸ்பெக்டர் கட்டுப்போட்ட விரலை நெஞ்சோடு பிடித்தபடி கதிரையில் இருந்தார். தங்கம்மாக்கா கொடுத்த தேத்தண்ணீரை எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றும் கேட்காமல் குடித்தார். நான் சைக்கிளில் தகரத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கினேன்.

"அதுக்கை என்ன தம்பி?" என்றா தங்கம்மாக்கா.

"மீன் அக்கா. இனி உங்கடை கிணத்துக்குத் தேவையில்லையே."

"கொண்டுபோகாதை. இவ்வளவு நேரமும் சேத்துக்கை மிதிபட்டுக் களைச்ச சீவன். தொட்டிக்கை ஊத்து."

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் தன் விரலைப் பார்த்தார்.

"ஊத்தும்" என்றார்.

நிரந்தர ஊழியனாக நான் செய்த முதல் வேலை, மேலதிகாரியின் கண் முன்னால், அவருடைய கட்டளைப்படி, அரசாங்க மீன்களை ஆமைக்குத் தீனியாக ஊற்றியதுதான். தண்ணீரைப் பழக்கியெல்லாம் விடவில்லை. தகரத்தைத் தூக்கி ஒரேயடியாகக் கவிழ்த்தேன்.